கேட்டில் கேட்ட ‘ரைட்’

நான் கீப்பராக இருந்த எங்கள் ரயில்வே கேட்டின் மேல் பாலம் வந்துவிட்டது. திறந்த அன்றைக்கே மகன் என்னை ஸ்கூட்டரில் பின்னால் உட்காரவைத்து ஒரு தடவை ஏற்றி இறக்கினான். உச்சியில் மலை முழுசாகத் தெரிந்தது. பாலத்தின் நடுவே நீளத்துக்கும் சுவர் வைத்திருக்கிறார்கள். எதிரே வருகிறவன் நம் பக்கம் வர முடியாது, நாமும் அவன் பக்கம் போக முடியாது. அப்படியிருந்தும் பின்னால் ஒரு பஸ் ஹாரன் அடித்ததும் என் இரண்டு கையும் மகனின் இடுப்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டன. “இன்னாப்பா, பாலத்துல கூடவா ரயில் வரும்?” என்று அவன் சிரித்தான்.

அதை விடுங்கள். போன வாரம் ஒரு கல்யாணத்தில், இப்போது வேறு கேட்டுகளில் வேலை பார்க்கும் இளைஞர்கள் நாலைந்து பேர் என்னைச் சுற்றி உட்கார்ந்தார்கள். ஒருவர் சொன்னார்: “உங்க காலத்துல வண்டியே கம்மியாச்சே சார். கேட்ட தொறந்தோமா மூடுனோமான்னு நிம்மதியா இருந்திருப்பீங்க.” நிம்மதியா? அவருக்கான பதிலை இங்கே சொல்கிறேன்.

தண்டவாளம் பராமரிக்கும் கேங்மேனாகச் சேர்ந்து, சம்மட்டியும் கடப்பாரையுமாக வெயிலில் காய்ந்த வருஷங்களைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. எல்லா கேங்மேனுக்கும் அதே கதைதான். தண்டவாளத்துக்கு அடியில் போடும் ஸ்லீப்பர் கட்டை விழுந்து வலது கால் கட்டைவிரல் நசுங்கிய பிறகு என்னைக் கேட்டுக்கு மாற்றினார்கள். “உக்காந்து பாக்கிற வேலை, குடுத்து வெச்சவன்யா நீ” என்றார் எங்கள் மேஸ்திரி. அவர் கேட்டில் போட்டிருந்த ஸ்டூலில் ஒரு நாள் கூட உட்கார்ந்து பார்த்ததில்லை.

எழுபதுகளில் எங்கள் கேட்டுக்குப் போன் கிடையாது. சுவரில் ஒட்டிய நேரப் பட்டியல், ஒரு கடிகாரம், என் இரண்டு காது, அவ்வளவுதான். வண்டி வரும் நேரத்துக்கு முன்பே கைப்பிடியைச் சுழற்ற வேண்டும். ரோட்டின் இரண்டு பக்கமும் கம்பம் இறங்கும். பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, தண்டவாளத்தில் கண்ணுக்கு எட்டிய மட்டும் இரு பக்கமும் பார்த்து, பச்சைக் கொடியைப் பிரித்துப் பிடித்து நிற்க வேண்டும். கடைசிப் பெட்டி தாண்டி, அதில் நிற்கும் கார்டின் முகத்தைப் பார்த்த பிறகுதான் பூட்டில் கை வைக்கலாம். சீக்கிரம் மூடினால் ரோட்டில் நிற்கிறவர்கள் திட்டுவார்கள். தாமதமாக மூடினால் திட்டுவதற்கு ஆள் மிஞ்சாது. இந்த இரண்டுக்கும் நடுவில்தான் நான் சாப்பிட்டதும் தூங்கியதும்.

காதை நம்பலாமா என்றால், அதிலும் ஒரு சங்கடம். அண்ணாமலையார் மலையை ஒட்டிய ஊர் இது. விசில் சத்தம் மலையில் போய் முட்டித் திரும்பும். விழுப்புரம் பக்கம் ஊதினாலும் காட்பாடி பக்கம் ஊதினாலும் எனக்கு மலைப் பக்கம் ஊதுகிற மாதிரிதான் கேட்கும். பட்டியலில் உள்ள வண்டி என்றால் கவலையில்லை, எது எங்கிருந்து வரும் என்று தெரியும். விசேஷத்துக்கு விடுகிற ஸ்பெஷல் வண்டிகள்தான் ஆபத்து. அது வருகிறது என்று மேஸ்திரி ஆள் சொல்லியனுப்புவார். எப்போது வரும் என்பதை வண்டிதான் வந்து சொல்லும்.

கேட் மூடியதும் ரோட்டில் நடப்பதை ஸ்டூலில் உட்கார்ந்தபடி பார்ப்பேன். முதலில் எல்லோரும் ஒழுங்காகத்தான் நிற்பார்கள். இன்ஜினை அணைப்பார்கள், பீடி பற்றவைப்பார்கள், வெள்ளரிக்காய் வாங்குவார்கள். அப்புறம் ஒருவன் வரிசையை விட்டு வலது பக்கம் விலகி, காலியாகக் கிடக்கும் எதிர்ப்பக்கத்து ரோட்டில் ஏறி, கம்பத்தில் மூக்கு முட்டுகிற வரை வந்து நிற்பான். அவனுக்காவது ஏதோ அவசரம் இருக்கும். அவன் பின்னாலேயே வருகிற இரண்டாவது ஆளுக்கு ஒரு அவசரமும் கிடையாது. முன்னால் ஒருத்தன் போய்விட்டான் என்பதுதான் அவசரம். வரிசை உடைவது இந்த இரண்டாவது ஆளால்தான் என்பது என் எண்ணம். இதே கூத்து கேட்டின் அந்தப் பக்கமும் நடக்கும். கம்பம் தூக்கும்போது இரண்டு பக்கமும் முழு ரோட்டையும் அடைத்துக்கொண்டு, மல்யுத்தத்துக்கு நிற்கிற மாதிரி நேருக்கு நேர் நிற்பார்கள். நடுவில் இருப்பது என் தண்டவாளம்.

இதில் பேர் போனவன் குப்புசாமி. கிழக்கேயிருந்து ஊருக்குள் வரும் ஒரு தனியார் பஸ்ஸின் டிரைவர். என்னைவிட வயதில் சின்னவன். வரிசையில் நின்று நான் அவனைப் பார்த்ததே இல்லை. ராங் சைடில் விர்ரென்று வந்து நிற்பான். கண்ணாடி வழியாக என்னைப் பார்த்துக் கும்பிட்டுச் சிரிப்பான். அந்தச் சிரிப்புக்காகவே இரண்டு அறை அறையலாம் என்று இருக்கும்.

“ஏம்பா, வரிசையில நிக்கிறவன்லாம் உனக்கு ஆளா தெரியலியா?”

“தெரியுதுண்ணா. ஆனா டைம் போய்க்கினே இருக்குதே. பின்னால வர்றவன் என் ஜனத்தயெல்லாம் ஏத்திக்கினு பூடுவான். அப்பால முதலாளிக்கு யார் பதில் சொல்றது, நீங்க வந்து சொல்றீங்களா?”

என் மேலதிகாரி, தண்டவாளத்துக்குப் பொறுப்பான இன்ஸ்பெக்டர். அவர், ஆட்கள் தண்டவாளத்தில் தள்ளிவரும் டிராலியில் சத்தமே இல்லாமல் வந்து நிற்பார். மேலே குடை, கையில் பென்சில். இறங்கவே மாட்டார். பென்சிலைக் கொடிப் பக்கம் நீட்டினால் நான் கொடியைப் பிரித்துக் காட்ட வேண்டும்: சிவப்பு இரண்டு, பச்சை ஒன்று. டப்பாப் பக்கம் நீட்டினால் திறந்து காட்ட வேண்டும். அதில் பட்டாசு இருக்கும். தகரத்தில் தட்டையாகச் செய்தது, தண்டவாளத்தின் மேல் வைத்துக் கட்டுவது. சக்கரம் ஏறினால் வெடிக்கும், அந்தச் சத்தம் கேட்டு இன்ஜின் டிரைவர் பிரேக் போடுவார். எல்லாம் பார்த்துவிட்டு ஒவ்வொரு தடவையும் அதே கேள்வியைக் கேட்பார்.

“வண்டி வருது. கேட்டுக்குள்ள லாரி மாட்டிக்கிச்சு. இன்னா பண்ணுவ?”

“ஒரு சிவப்புக் கொடியைத் தண்டவாளத்து நடுவுல நட்டுடுவேன் ஐயா. இன்னொண்ண புடிச்சிக்கினு வண்டி வர்ற பக்கம் ஓடுவேன். வழியில ஒரு பட்டாசு கட்டிட்டு, இன்னும் தள்ளிப் போயி மூணு கட்டுவேன்.”

ஒரு தடவை துணிந்து கேட்டுவிட்டேன். “வண்டி எந்தப் பக்கம் வருதுன்னு தெரியலன்னா ஐயா?”

அவர் தண்டவாளத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார். பென்சிலைப் பையில் போட்டார். “தெரியணும்” என்றார். பிறகு, “ரைட்.”

டிராலிக்காரர்கள் தள்ளிக்கொண்டு ஓடினார்கள். ‘ரைட்’ என்றால் சரி என்றும் வலது என்றும் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுப்பார்கள். பஸ்ஸில் கண்டக்டர் ‘ரைட்’ என்றால் கிளம்பு என்று அர்த்தம். எங்கள் இன்ஸ்பெக்டர் சொன்னால் டிராலியைத் தள்ளு என்று அர்த்தம். இதை இவ்வளவு விரிவாகச் சொல்லக் காரணம் இருக்கிறது.

அது ஒரு கார்த்திகை தீபத்தன்று காலை. சாயங்காலத் தீபத்துக்கு விடிந்ததிலிருந்தே ஜனம் வந்து இறங்கிக்கொண்டிருந்தது. வழக்கமான பாசஞ்சர் போனதும் கம்பத்தைத் தூக்கினேன். கிழக்கே இருந்து செங்கல் லாரி ஒன்று அதன் பக்கமாக ஒழுங்காக உள்ளே வந்தது. அதற்கு வலப்புறம், எதிராளிக்குச் சொந்தமான பக்கத்தில், குப்புசாமியின் பஸ். படிக்கட்டு வரை ஆள். ஊர்ப்பக்கமிருந்து மல்லாட்டை என்கிற வேர்க்கடலை மூட்டை ஏற்றிக்கொண்டு பாஷா பாய் லாரி வந்தது. நிதானமான மனிதர், ஒரு நாளும் வரிசை தாண்டாதவர். தன் பக்கத்தில் வந்தவர், நேராகக் குப்புசாமியின் மூக்கில் வந்து நின்றார். அவருக்குப் பக்கத்தில், வெள்ளைக்காரர்களை ஏற்றிய ஒரு டாக்ஸி குறுக்கே புகுந்து வந்து செங்கல் லாரியை மறித்தது. எல்லாம் கண் மூடித் திறப்பதற்குள் முடிந்துவிட்டது. செங்கல் லாரியும் பஸ்ஸும் தண்டவாளத்தின் மேல் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. பஸ்ஸின் படிக்கட்டு செங்கல் லாரியோடு ஒட்டிக்கொண்டது. ஜன்னலிலெல்லாம் கம்பி. உள்ளே இருந்தவர்கள் இறங்க, டிரைவர் பக்கத்துக் கதவை விட்டால் வழியில்லை.

ஸ்பெஷல் உண்டு என்று மேஸ்திரி சொல்லியனுப்பியிருந்தார். விழுப்புரம் பக்கமிருந்தும் உண்டு, காட்பாடி பக்கமிருந்தும் உண்டு. பாஷா பாயிடம் ஓடினேன்.

“பாய், கொஞ்சம் பின்னால எடுங்க!”

“நான் என் சைடுலதான் நிக்கிறேன். ராங்ல வந்தவன் நிப்பான், நான் பின்னால போவணுமா? எடுக்கலாம்தான், எங்க எடுக்கிறது? பின்னாடி பாருங்க.”

பார்த்தேன். அவருக்குப் பின்னாலும் டாக்ஸிக்குப் பின்னாலும் ஊரே நின்றது. குப்புசாமிதான் பின்னால் போய் மற்றவர்களுக்கு வழி விட்டாக வேண்டும். அவன் முகத்தில் சிரிப்பு இல்லை. அவனுடைய கண்டக்டர் பின்பக்கம் ஓடி, பஸ்ஸை நம்பி ராங் சைடில் வந்தவர்களையெல்லாம் விலக்கினான். ஒரு ஜீப் நகர்ந்தது. சைக்கிள்கள் நகர்ந்தன. “வரலாம், வரலாம்” என்று பஸ்ஸின் முதுகைத் தட்டினான். பஸ் அங்குலம் அங்குலமாகப் பின்னால் நகர்ந்தது. முன்சக்கரம் ஒரு தண்டவாளத்தைத் தாண்டிவிட்டது. இன்னும் கொஞ்சம்தான் பாக்கி. நான் அண்ணாமலையாரைக் கூப்பிட்டுக்கொண்டே நின்றேன்.

அப்போது பின்னால் ஒரு மாட்டு வண்டி விலகத் தெரியாமல் தடுமாறியிருக்கிறது. கண்டக்டர் அந்த வண்டிக்காரரைப் பார்த்துக் கத்தினான்: “ரைட்டு! ரைட்டுல ஒடிச்சித் திருப்பு! ரைட்டு!”

குப்புசாமியின் காதில் விழுந்தது ‘ரைட்டு’ மட்டும்தான். எத்தனை வருஷப் பழக்கம்! மண்டை யோசிப்பதற்குள் கை கியரை மாற்றியது, கால் அழுத்தியது. பஸ் முன்னால் பாய்ந்து பாஷா பாய் லாரியில் மோதியது. இரண்டு பம்பரும் ஒன்றுக்குள் ஒன்று கொக்கி போட்டுக்கொண்டன. இனிப் பின்னாலும் இல்லை, முன்னாலும் இல்லை. பஸ்ஸுக்குள் பெண்கள் கத்த ஆரம்பித்தார்கள்.

விசில் கேட்டது.

மலைப் பக்கமிருந்து கேட்டது. மலையிலிருந்து ரயில் வராது என்று எனக்குத் தெரியும். விழுப்புரமா, காட்பாடியா? இன்ஸ்பெக்டரின் ‘தெரியணும்’ மண்டைக்குள் அடித்தது. தெரியவில்லையே ஐயா! விழுப்புரம் பக்கம்தான் நேர்க்கோடு, வேகமாக வரும். அங்கேதான் ஓட வேண்டும் என்று தீர்மானித்தேன். இன்னொரு கொடியைத் தண்டவாளத்தில் நட வேண்டும், அதுதான் சட்டம். ஆனால் காட்பாடி பக்கம் வளைவு. இங்கே நட்ட கொடி, இன்ஜின் கிட்டே வந்த பிறகுதான் டிரைவர் கண்ணில் படும். பட்டு என்ன பிரயோஜனம்? கொடியோடு நான் முழித்துக்கொண்டு நிற்க, குப்புசாமி தன் பக்கத்துக் கதவைத் திறந்துகொண்டு குதித்தான். நான் அந்தக் கொடியை அவன் நெஞ்சில் வைத்து அழுத்தினேன்.

“ஓடு! வண்டியப் பார்த்தா நின்ன இடத்துலயே இத ஆட்டு!”

“எந்தப் பக்கம்ணா?”

“நான் போவாத பக்கம்!”

ஓடினேன். நசுங்கிய விரல் ஒவ்வொரு அடிக்கும் உயிரை வாங்கியது. திரும்பிப் பார்த்தபோது பாஷா பாய் பஸ்ஸின் டிரைவர் கதவு வழியாக ஒவ்வொருவராக இழுத்து இறக்கிக்கொண்டிருந்தார். முதலில் ஒரு கிழவர், அடுத்து கைக்குழந்தையோடு ஒரு பெண். இந்தக் கணக்கில் எல்லோரும் இறங்குவதற்குள் வண்டி வந்துவிடும். முதல் பட்டாசைக் கட்டினேன். எழுந்து மறுபடி ஓடி, மூன்றில் இரண்டாவதைக் கட்டிக்கொண்டிருந்தபோது விசில் மறுபடி கேட்டது.

இந்தத் தடவை சந்தேகமே இல்லை. சத்தம் என் முதுகுக்குப் பின்னால் இருந்து வந்தது.

அந்த இடத்தில் எனக்கு நேர்ந்ததை எப்படிச் சொல்வது? எதிரே தண்டவாளம் காலியாக, வெயிலில் மினுங்கிக்கொண்டு கிடந்தது. நான் தப்பான பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். கையில் கொடி இருந்தது, பட்டாசு இருந்தது, காட்ட ஒரு இன்ஜின் இல்லை. அந்தப் பக்கம் இருந்தது குப்புசாமி. வாழ்நாளில் யாருக்காகவும் நின்றறியாதவன். கொடியைப் போட்டுவிட்டு ஓடிப்போயிருப்பான் என்றுதான் நினைத்தேன். ‘ஐயோ’ என்று வாய்விட்டுக் கத்தினேன். திரும்பி ஓடினேன், விழுந்தேன், முழங்கால் கிழிந்தது. இன்ஜின் விடாமல் குட்டைக் குட்டையாக ஊதியது. அப்புறம் பிரேக்கின் நீண்ட கிறீச்சொலி. அப்புறம் சத்தமே இல்லை.

மோதியிருந்தால் சத்தம் கேட்டிருக்குமே, கேட்டிருக்குமே என்று சொல்லிக்கொண்டே கேட் வரை வந்தேன். வளைவு முடியும் இடத்தில் இன்ஜின் புகை விட்டுக்கொண்டு நின்றது. அதற்கும் பஸ்ஸுக்கும் நடுவே ஒரு புளியமரத்து நிழல் அளவுதான் இடைவெளி. இன்ஜின் டிரைவர் பாதி உடம்பை வெளியே நீட்டி வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டிருந்தார். திட்டு வாங்கிய குப்புசாமி ஜல்லியில் குந்தி வாந்தியெடுத்துக்கொண்டிருந்தான். கொடி அவன் கையில்தான் இருந்தது. நான் பிடுங்கியும் விடவில்லை. விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துத்தான் எடுத்தேன். எடுத்துவிட்டு அவன் பக்கத்திலேயே உட்கார்ந்து அழுதேன். வெட்கமெல்லாம் இல்லை.

பாஷா பாய் ஜாக்கி வைத்துப் பம்பரைப் பிரித்தார். டாக்ஸியை நாலு பேர் சேர்ந்து தூக்கியே நகர்த்தினார்கள். வண்டி போனது. தீபமும் ஏறியது. நான் மலையைப் பார்த்துக் கும்பிட்டேன், உச்சியில் எரிந்த ஜோதி மட்டும் மனதில் பதியவில்லை.

தீபக் கூட்டம் கலைந்த பிறகு இன்ஸ்பெக்டர் வந்தார். முதல் முறையாக டிராலியை விட்டு இறங்கினார். என்னைக் கூட்டிக்கொண்டு வளைவு வரை நடந்தார்.

“நட வேண்டிய கொடி எங்க?”

“ஆள் கையில குடுத்துட்டேன் ஐயா.”

“நம்ம ஆளா?”

“இல்லீங்க ஐயா. பஸ் டிரைவர்.”

“உள்ள மாட்டிக்கின பஸ்ஸோட டிரைவர்.”

“ஆமாங்க ஐயா.”

“வெளியாள் கையில கொடியக் குடுன்னு எந்த ரூல்ல போட்டிருக்குது?”

“எதுலயும் இல்லீங்க ஐயா.”

“நட்டிருந்தா?”

வளைவைக் காட்டினேன். அவர் குப்புசாமி நின்ற இடத்தில் நின்று, கேட்டைப் பார்த்தார். கேட்டுக்கு வந்து, அங்கிருந்து வளைவைப் பார்த்தார். பென்சிலை எடுத்தார், ஒன்றும் எழுதாமல் பையில் போட்டார். டிராலியில் ஏறிக் குடைக்குக் கீழே உட்கார்ந்தார். என்னைப் பார்த்தாரா, தண்டவாளத்தைப் பார்த்தாரா, இன்றைக்கும் சொல்லத் தெரியாது.

“ரைட்” என்றார்.

டிராலி போய்விட்டது. நான் நின்றேன். ‘ரைட்’ யாருக்கு? நீ செய்தது சரி என்று எனக்கா? தள்ளுங்கள் என்று டிராலிக்காரர்களுக்கா? வேலை இருக்கிறதா, இல்லையா? வீட்டில் இரண்டு பிள்ளைகள். மார்கழி முழுக்க தண்டனை மெமோவை எதிர்பார்த்து, மேஸ்திரி சைக்கிள் மணி கேட்டாலே எழுந்து நின்றேன். அவர் சும்மா வந்து வெற்றிலை கேட்டுவிட்டுப் போவார். மெமோ கடைசி வரை வரவில்லை. இன்ஸ்பெக்டரும் அதற்குப் பிறகு அந்தக் கேள்வியை என்னிடம் கேட்டதில்லை.

குப்புசாமி திருந்தினானா என்று கல்யாணத்தில் கேட்டிருந்தால் இதையும் சொல்லியிருப்பேன். அந்த மார்கழியிலேயே ஒரு நாள், மூடிய கேட்டுக்கு எதிரே, வரிசையையெல்லாம் தாண்டிக்கொண்டு வந்து நின்றான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் ஒரு மாற்றம் இருந்தது. பஸ்ஸை விட்டு இறங்கி, கம்பத்துக்குக் கீழே குனிந்து, அந்தப் பக்கம் போனான். அங்கே ராங் சைடில் ஏற வந்த ஒரு லாரியைக் கை நீட்டித் தடுத்து வரிசைக்குத் திருப்பினான்.

“ஏண்டா, நீ மட்டும் இன்னா?”

“எதிர்ல இருக்கிறவன் ஒழுங்கா நின்னாத்தானேண்ணா நான் போவ முடியும்?”

சொல்லிவிட்டு என் பக்கத்தில் வந்து நின்றான். வண்டி வருகிற சத்தம் கேட்டதும் அவன் கை கம்பத்தைப் பிடித்துக்கொண்டது. இறுக்கிப் பிடித்ததில் விரல் முட்டி வெளுத்திருந்ததை நான் பார்த்தேன். பார்த்ததை அவனும் பார்த்தான்.

“அன்னிக்கு விசாரணைக்கு வந்தாரே உங்க ஐயா, இன்னாண்ணா சொன்னாரு?”

“ரைட்டுன்னாரு.”

“அவ்ளோதானே? அப்பால ஏன் முகத்த இப்பிடி வெச்சிக்கினு இருக்கீங்க?” என்று ஓடிப்போய் தன் சீட்டில் ஏறினான். “ரைட்டுன்னா போய்க்கினே இருக்க வேண்டியதுதாண்ணா!”

கடைசிப் பெட்டி தாண்டியது. கார்டின் முகத்தைப் பார்த்தேன். பூட்டைத் திறந்து கம்பத்தைத் தூக்கினேன். முதலில் போனது அவன் பஸ்தான், ராங் சைடில்.